ஓஎம்ஆர்ல எட்டு வார இன்டர்ன்ஷிப்: கோமதின்னு தேடினா ஏன் கோமதி கிடைக்கல?

தாமிரபரணிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். இன்டர்ன்ஷிப் எப்படி இருக்கும்னு இங்க நிறைய பேர் கேட்டிருந்தீங்க, நான் அப்ப அதுக்குள்ளயே மூழ்கி இருந்ததால பதில் போட முடியல. இப்ப ஊருக்கு வந்தாச்சு, காலேஜ் திறக்க நாலு நாள் இருக்கு, மறக்குறதுக்குள்ள எழுதிடுறேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நான் திருநெல்வேலி பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ், மூணாம் வருஷம் முடிச்சிருக்கேன். பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். மே நடுவுல இருந்து ஜூலை நடு வரைக்கும் சென்னைல ஐடி கம்பெனிங்க நிறைய இருக்குற ஓஎம்ஆர் ரோட்டுல ஒரு கம்பெனில இருந்தேன், பேரு வேண்டாம். அறுபது எழுபது பேர்தான் இருப்பாங்க. ஸ்கூலுங்களுக்கு சாப்ட்வேர் பண்றாங்க, அட்மிஷன், ஃபீஸ், அட்டெண்டன்ஸ், பெத்தவங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புறது இதெல்லாம். ஸ்டைபண்ட் மாசம் 15,000. எங்க காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தங்க அங்க வேலை பாக்குறாங்க, அவங்க ரெஸ்யூமே குடுத்தாங்க, அப்புறம் ஆன்லைன் டெஸ்ட் ஒண்ணு, இன்டர்வியூ ரெண்டு. தெரிஞ்சவங்க இருந்ததாலதான் ரெஸ்யூமேவ திறந்தே பாத்தாங்க, அத மறைக்க விரும்பல.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி விடியகாலைல தாம்பரத்துல இறங்கினப்ப பயம்னா அப்படி ஒரு பயம். ஊரைப் பாத்து இல்ல. அங்க எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்களே, நான் வாயைத் திறந்தா என்ன நெனப்பாங்கன்னுதான்.

முதல் ரெண்டு வாரம் வீணாப் போச்சு, வீணாக்கினது நான்தான். தினமும் காலைல 10 மணிக்கு ஸ்டாண்டப்னு டீம் மொத்தமும் வட்டமா நின்னு நேத்து என்ன செஞ்சேன், இன்னைக்கு என்ன செய்யப்போறேன், எங்க மாட்டிக்கிட்டு நிக்குறேன்னு ஆளுக்கு ஒரு நிமிஷம் சொல்லணும். நான் முந்தின நாள் ராத்திரியே ரெண்டு வரி எழுதி மனப்பாடம் பண்ணிட்டுப் போவேன், கடைசியா "நோ பிளாக்கர்ஸ்"னு, அதாவது எங்கயும் மாட்டிக்கலைன்னு, சொல்லி முடிச்சுக்குவேன். ஆனா உண்மைல எனக்கு டேட்டாபேஸே கனெக்ட் ஆகல. நாலு நாள். நாலு நாளும் மைஎஸ்கியூஎல்ங்கிற அந்த டேட்டாபேஸ் சாப்ட்வேரை அழிச்சு அழிச்சு திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டு இருந்தேன், தப்பு என் பக்கம்தான்னு முடிவே பண்ணிட்டேன். அஞ்சாவது நாள் எனக்கு வழிகாட்டியா போட்டிருந்த மென்டர் அக்கா தற்செயலா ஸ்கிரீனைப் பாத்துட்டு, "உனக்கு பர்மிஷனே குடுக்கலையேம்மா, இத ஏன் என்கிட்ட கேக்கல"ன்னாங்க. அஞ்சு நிமிஷத்துல சரியாயிருச்சு. அன்னைக்கு சாயங்காலம் லேடீஸ் ஹாஸ்டல் மொட்டைமாடில நின்னு அழுதேன். அம்மா போன்ல "ஏட்டி, தெரியாததைக் கேக்கத்தான உன்னைய அங்க அனுப்பிருக்கு"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னா.

மறுநாள்ல இருந்து ஒரு நோட்டு போட்டேன். ஒரு விஷயத்துல 30 நிமிஷம் மாட்டிக்கிட்டா, என்ன முயற்சி பண்ணேன், என்ன எரர் வந்துச்சுன்னு அதுல எழுதுவேன், எழுதினதோட போய் கேப்பேன். பாதி கேள்விக்கு எழுதும்போதே பதில் தெரிஞ்சிரும்.

இனிதான் முக்கியமான கதை. மூணாவது வாரம் சப்போர்ட் டீம்ல இருந்து ஒரு புகார் வந்துச்சு. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க் அம்மா "கோமதி"ன்னு டைப் பண்ணி தேடுறாங்க, இல்லைன்னு வருது. ஆனா லிஸ்ட்டை உருட்டிப் பாத்தா கோமதி கண்ணு முன்னாடி இருக்கு. பல மாசமா வர்ற புகாராம், "பேரை அழிச்சிட்டு திரும்ப டைப் பண்ணுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டு இருந்திருக்காங்க. டீம்ல எல்லாருக்கும் வேற பெரிய வேலை இருந்ததால எனக்கு குடுத்தாங்க.

ரெண்டு கோமதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், ஒரு வித்தியாசமும் தெரியல. கம்ப்யூட்டருக்குள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் இருக்கும், பைத்தான்ங்கிற ப்ரோகிராம் மொழில அந்த எண்ணையெல்லாம் வரிசையா பிரிண்ட் பண்ணேன். கிளார்க் அடிச்ச கோமதில 5 எண். டேட்டாபேஸ்ல இருக்குற கோமதில 6. கண்ணுக்குத் தெரியுறது என்னவோ ரெண்டுலயும் மூணே எழுத்து: கோ, ம, தி.

கொஞ்ச நேரம் அப்படியே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் புரிஞ்சுது. அந்த எண்களை எல்லா மொழிக்கும் பொதுவா வகுத்திருக்குற முறைதான் யூனிகோட், அதுல "கோ"வை ரெண்டு விதமா எழுதலாம். க போட்டு, ஓகாரக் குறி ஒரே துண்டா போடலாம். இல்லைன்னா க போட்டு, ஏகாரக் கொம்பு தனியா, கால் தனியான்னு ரெண்டு துண்டா போடலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. அந்த ஸ்கூலோட பழைய லிஸ்ட் ஏதோ பழைய எழுத்துருல அடிச்சு வச்சது. அதுல கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியுற வரிசைலதான் டைப் பண்ணுவாங்க, அத யூனிகோடுக்கு மாத்தின ப்ரோகிராம் துண்டை ஒட்டாம அப்படியே விட்டுருச்சு.

நான் இத சத்தமா தமிழ்லயே சொன்னேன், எனக்கு வேற எப்படியும் சொல்ல வரல. பக்கத்து சீட்ல இருந்தவரு நாற்காலியத் தள்ளிட்டு வந்து பாத்தாரு. அந்த டீம்ல பாதி பேருக்கு தமிழ் பேச வரும், எழுத வராது, ரெண்டு பேருக்கு தமிழே தெரியாது. கொம்பு எது, கால் எதுன்னு அவங்களுக்கு போர்டுல வரைஞ்சு காட்டினேன். இங்கிலீஷ் வரலைன்னு ரெண்டு வாரம் வாயை மூடிட்டு இருந்தவ நான்.

மீதியை அடுத்த பதிவுல எழுதுறேன், அம்மா கூப்பிடுறா.

ஈரோட்டுத் தம்பி

அக்கா சூப்பருங்க. நான் செகண்ட் இயர். எனக்கு ரெண்டு சந்தேகம். சரிபண்றதுக்கு என்னங்க பண்ணீங்க? அப்புறம் ரெஃபரன்ஸ் குடுக்க சீனியர் யாரும் இல்லாதவங்க என்ன பண்றது? எங்க காலேஜ்ல இருந்து சென்னைக்கு இன்டர்ன்ஷிப் போன ஆளு எனக்குத் தெரிஞ்சு யாருமே இல்லீங்க.

கடைசி பெஞ்ச் 22

கொடுத்து வச்சவங்க நீங்க. என் கதையைக் கேளுங்க. எங்க காலேஜ்ல இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கட்டாயம்னு சொல்லிட்டாங்க, ஆனா ஏற்பாடு எதுவும் பண்ணித் தரல. கிளாஸ்ல முக்காவாசி பேர் ஒரே இடத்துல ஆளுக்கு 4,000 ரூவா கட்டினோம். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆன்லைன் கிளாஸ், அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல பழைய வீடியோ லிங்க், பதினஞ்சாவது நாள் பிடிஎஃப் வந்துருச்சு. நாலு வாரம் பயிற்சி பெற்றார், சிறப்பாகச் செயல்பட்டார்னு போட்டிருக்கு. நான் ஒரு வரி ப்ரோகிராம்கூட எழுதல. அப்பா கூலிக்கு நெல்லு மூட்டை தூக்குறவரு. அந்தக் காசை எப்படிக் குடுத்தாருன்னு எனக்குத் தெரியும். போன மாசம் ஒரு இன்டர்வியூல "இந்த இன்டர்ன்ஷிப்ல என்ன செஞ்சீங்க"ன்னு கேட்டாங்க, பொய் சொல்லவும் மனசு வரல, உண்மையச் சொல்லவும் வாய் வரல, எந்திரிச்சு வந்துட்டேன்.

பெருங்குடிப் பழையவன்

நான் இந்த ரோட்டுல 2009ல இருந்து வேலை பாக்குறேன், வருஷா வருஷம் ரெண்டு மூணு இன்டர்ன் என்கிட்ட வருவாங்க. முதல்ல கடைசி பெஞ்ச் தம்பிக்கு. காசு வாங்கிட்டு குடுக்குறது இன்டர்ன்ஷிப் இல்லப்பா, அது வியாபாரம். அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல, வழியே காட்டாம கட்டாயம்னு மட்டும் சொன்னாங்களே அவங்க தப்பு. அந்த வரிய ரெஸ்யூமேல இருந்து எடுத்துரு. அதுக்கு பதிலா சின்னதா சொந்தமா ஒண்ணு செய்யி, உங்க ஊர் நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டைக் கணக்கு எப்படி எழுதுறாங்கன்னு பாத்து அதுக்கு ஒரு சின்ன ஆப் பண்ணு. எங்க ரெஸ்யூமே குவியல்ல பத்துக்கு எட்டுல லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்தான் இருக்கும். அதுக்கு நடுவுல மூட்டைக் கணக்கு ஒண்ணு வந்தா நான் கண்டிப்பா நிறுத்திப் படிப்பேன், அதைப் பத்தி அரை மணி நேரம் கேள்வி கேப்பேன், உனக்கு பதிலும் தெரியும்.

ஈரோட்டுத் தம்பி, சீனியர் இல்லைன்னா ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேணா பாத்து திருத்தம் அனுப்பக்கூடிய சாப்ட்வேர், ஒரு வழி. அந்த மாதிரி சாப்ட்வேர்ல வேலை செய்ய கூகுள் நடத்துற சம்மர் ஆஃப் கோடு 2005ல இருந்து நடக்குது, ஊர்ல வீட்டுல உக்காந்தே பண்ணலாம், காசும் தராங்க, போட்டி கடுமையாத்தான் இருக்கும், ஆனா யாரோட சிபாரிசும் வேண்டாம், நீ எழுதின ப்ரபோசலும் முன்னாடி அனுப்பின திருத்தங்களும்தான் பேசும். அப்புறம் தமிழ்நாடு அரசோட "நான் முதல்வன்" திறன் பயிற்சித் திட்டம், 2022ல ஆரம்பிச்சது, அதுல உங்க காலேஜுக்கு என்ன கோர்ஸ் வந்திருக்குன்னு பிளேஸ்மென்ட் ஆபீஸ்ல போய் நின்னு கேளு, அவங்களா கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க.

நெல்லைப் பொண்ணு சொன்ன அந்த "நோ பிளாக்கர்ஸ்" இருக்கே, அத நான் வருஷா வருஷம் கேக்குறேன். நல்லா வேலை செய்யக்கூடிய பிள்ளைங்கதான் அதிகமா சொல்லுதுங்க. எங்க பக்கமும் தப்பு இருக்கு. எட்டு வாரத்துக்கு ஒரு பிள்ளையக் கூப்பிட்டு வந்துட்டு, நாலு நாள் அது ஸ்கிரீன்ல என்ன ஓடுதுன்னு பாக்காம இருந்தா அந்த மென்டரை என்னன்னு சொல்றது. அவங்கள எனக்குத் தெரியாது, குறை சொல்லல, நானும் அப்படி இருந்திருக்கேன். இப்ப முதல் பத்து நாள், தினமும் மதியம் சாப்பிட்ட உடனே பக்கத்துல போய் உக்காந்துருவேன். கேள்வி இருக்கான்னு கேக்க மாட்டேன், என்ன ஓடுது காட்டுன்னுதான் சொல்லுவேன்.

தாமிரபரணிக்காரி

அண்ணா ரொம்ப நன்றி. மென்டர் அக்காவைத் தப்பா நெனச்சிராதீங்க, அந்த வாரம் அவங்களுக்கு ரிலீஸ் இருந்துச்சு, அப்புறம் அவங்களே "நான் முன்னாடியே வந்து பாத்திருக்கணும்"னு சொன்னாங்க. ஒரு பெரியவங்க என்கிட்ட அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அங்க எல்லாரையும் பேரு சொல்லித்தான் கூப்பிடணும், மேனேஜரைக்கூட. எனக்கு எட்டு வாரமும் வாய் வரல, அக்கான்னே கூப்பிட்டேன், அவங்களும் விட்டுட்டாங்க.

கடைசி பெஞ்ச், உங்க பதிவைப் படிச்சுட்டு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரல. எங்க கிளாஸ்லயும் அதே மாதிரி காசு கட்டினவங்க இருக்காங்க.

சரி, மீதிக் கதை. யூனிகோட்லயே இதுக்கு வழி இருக்கு, நார்மலைசேஷன்னு பேரு. துண்டு துண்டா இருக்குறத ஒட்டி ஒரே வடிவமா ஆக்குறதுக்கு என்எஃப்சின்னு ஒரு முறை, பைத்தான்ல ஒரே வரி. போட்டேன், கோமதி கிடைச்சா. ஆஹா முடிஞ்சுதுன்னு நெனச்சு மத்த பேரையும் சோதிச்சா, கௌசல்யா கிடைக்கல.

அது ஏன்னு கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆச்சு. ஔகாரக் குறியோட வலது பக்கத் துண்டு பாக்க "ள" மாதிரியே இருக்கும்ல, பழைய எழுத்துருல நிறைய பேர் அதுக்கு ள எழுத்தையே போட்டிருக்காங்க. அதனால டேட்டாபேஸ்ல இருக்குறது கௌசல்யா இல்ல, கெ, ள, சல்யா. கெளசல்யா. என்எஃப்சிக்கு இது தெரியாது, அதுக்கு ள ஒரு முழு எழுத்து, அத ஏன் ஒட்டணும்? மௌனம், பௌர்ணமி, சௌந்தர்யா எல்லாத்துலயும் இதே கதை. கண்ணை மூடிட்டு எல்லா "ெள"வையும் "ௌ"ன்னு மாத்தவும் முடியாது, வெள்ளை, வெளி, தெளிவு எல்லாம் நாசமாயிரும்.

நோட்டுல எழுதி எழுதிப் பாத்தேன். வெள்ளைல ள மேல புள்ளி இருக்கு. வெளில ளகரத்துக்கு இகரக் குறி இருக்கு. கெளசல்யால ள வெறுமனே நிக்குது, பின்னாடி குறியும் இல்ல புள்ளியும் இல்ல. அப்ப கொம்புக்குப் பின்னாடி ள வெறுமனே நின்னா மட்டும் அத ஔகாரமா எடுத்துக்கலாம். இந்த விதி நானே யோசிச்சது, எழுதின அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன்.

மூணாவதா ஒண்ணு கிடைச்சுது. மாரியம்மாள்ங்கிற பேர்ல "ரி"க்கு பதிலா கால் போட்டு அது மேல இகரக் குறி: மாாியம்மாள். "அவர்"னு போட வேண்டிய இடத்துல கால் போட்டு அது மேல புள்ளி: அவா். இது ரொம்ப சுலபம், ஏன்னா தமிழ்ல காலுக்கு மேல இன்னொரு குறியோ புள்ளியோ வரவே வராது, வந்தா அது ர தான், சந்தேகமே இல்லாம மாத்திரலாம்.

எழுத்துரு ஆர்வலர்

நான் இருபது வருஷமா தமிழ்க் கணினி விஷயத்துல கிடக்குறவன், இந்த இழையைப் பாத்ததும் சும்மா இருக்க முடியல. தங்கச்சி கண்டுபிடிச்சது எல்லாம் சரி, கூட கொஞ்சம் சேத்துக்குறேன்.

ர விஷயம் சோம்பேறித்தனத்தால வந்த பிழைன்னு நெனச்சிராதீங்க. பழைய அச்சுல ர் ரி ரீ மூணுலயும் ரகரத்தோட கீழ்ச் சாய்கோடு போட மாட்டாங்க, பாக்க கால் மாதிரியே இருக்கும். தட்டச்சு மெஷின்ல பழகின கை கால் விசையையே தட்டுச்சு, அந்தக் கைப்பழக்கம் கம்ப்யூட்டருக்கும் வந்துச்சு, யூனிகோட் வந்தப்பவும் கை மாறல. ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஆளாளுக்கு ஒரு விசைப்பலகைன்னு இருந்த காலத்துலதான் 1999 பிப்ரவரில சென்னைல தமிழ்நெட் 99 மாநாடு நடந்துச்சு, இன்னைக்கு நாம பயன்படுத்துற தமிழ் 99 விசைப்பலகை அதுல வந்ததுதான். யூனிகோட்ல தமிழ் 1991லயே இருந்தும் அரசு அலுவலகங்கள்ல வானவில் மாதிரி எழுத்துரு ரொம்ப காலம் ஓடுச்சு. தமிழ்நாடு அரசு யூனிகோடையும், டேஸ்16ங்கிற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமா ஏத்துக்கிட்டது 2010ல. நடுவுல சேந்த அத்தனை பேரும் முகவரியும் நிலப் பட்டாவும் இப்படித் துண்டு துண்டாத்தான் கிடக்கு.

ஒரே ஒரு கேள்வி. உங்க ள விதி "வெளக்கு", "வெளயாட்டு" மாதிரி பேச்சு வழக்குச் சொல்லுல அடி வாங்குமே? அங்கயும் கொம்புக்குப் பின்னாடி ள வெறுமனே நிக்குது. குழந்தையோட பேரையே திருத்தி சேமிச்சீங்களா? அது ஆபத்து.

தாமிரபரணிக்காரி

ஐயா, இதே கேள்விலதான் நான் மாட்டினேன். நான் அனுப்பின முதல் ப்ரோகிராமைப் படிச்சுட்டு மென்டர் அக்கா 41 கமென்ட் போட்டாங்க. எண்ணிப் பாத்தேன். முதல் கமென்ட்டே இதுதான், நான் டேட்டாபேஸ்ல இருக்குற பேரையே மாத்தி எழுதியிருந்தேன். அக்கா என்னை பக்கத்துல உக்கார வச்சு, "இந்தப் பேரு நாளைக்கு டிசில போகும், அந்தப் பிள்ளையோட ஆதார்ல எப்படி இருக்கோ நமக்குத் தெரியாது, பேரு அவங்களோடது, அதுல கை வைக்க நமக்கு உரிமை இல்ல"ன்னு சொன்னாங்க. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு, ஆனா அதுக்கு மேல என்னால பதில் சொல்ல முடியல.

அப்புறம் செஞ்சது இது. பேரு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். பக்கத்துல இன்னொரு கட்டம், தேடுறதுக்கு மட்டும். அதுல என்எஃப்சி, ர விதி, ள விதி மூணும் போட்ட வடிவம் இருக்கும், அத யார் கண்ணுக்கும் காட்ட மாட்டோம். கிளார்க் டைப் பண்றதையும் அதே மூணு விதில போட்டு அந்தக் கட்டத்துல தேடும். அதனால வெளக்குன்னு ஒரு பேரு இருந்தாக்கூட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறும், கிடைச்சிரும்.

யாழ்ப்பாணத்தான்

தங்கச்சி, வாசிக்க நல்ல சந்தோசமா இருக்கு. நான் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில படிச்சனான். அங்க பொறியியல் மாணவருக்கு தொழிற்பயிற்சி கட்டாயம், கிட்டத்தட்ட ஆறு மாசம் ஒரு கம்பனியில இருக்க வேணும், பயிற்சி நாட்குறிப்பும் எழுத வேணும். எட்டு வாரத்தில நீங்கள் இவ்வளவு செய்தது பெரிய விசயம். நான் கொழும்பில பயிற்சிக்குப் போன நேரம் எனக்குச் சிங்களமும் வடிவாத் தெரியாது, ஆங்கிலமும் கதைக்கக் கூச்சம், முதல் ஒரு மாசம் உங்களைப் போலத்தான் வாய் பேசாமல் இருந்தனான். என்னோட இருந்த சிங்களப் பெடியன் ஒருத்தன்தான் "நீ எழுதிக் காட்டு, நான் கேக்கிறன்" எண்டு சொல்லி என்ர கேள்வியளையும் சேத்துக் கேட்டவன்.

எழுத்துரு விசயம் எங்கட பக்கம் இன்னும் மோசம். எங்கட ஆக்கள் கனபேர் பாமினி எண்ட பழைய எழுத்துருவிலதான் தட்டச்சுப் பழகினவை. பழைய பத்திரிகை, பாடசாலைப் பதிவுகள் எல்லாம் பாமினியில கிடக்கு. யூனிகோடுக்கு மாத்தேக்க நீங்கள் சொன்ன அதே மூண்டு பிழையும் வருது. உங்கட விதிகளை எழுதி வெளியில போட ஏலுமோ? கம்பனிச் சொத்து எண்டால் வேண்டாம், கேட்டுப் பாருங்கோ.

விழிப்பா இருங்க

எல்லாரும் பாராட்டுறீங்க, நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பல மாசமா தீராத ஒரு பிரச்சனையை மாசம் 15,000க்கு ஒரு பொண்ணை வச்சு தீத்துக்கிட்டாங்க. ரெகுலர் ஆள் செஞ்சிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்? அப்ரன்டிஸுக்காவது 1961ல இருந்து சட்டம் இருக்கு, இவ்வளவு உதவித்தொகை தரணும்னு இருக்கு. சம்மர் இன்டர்ன் அதுக்குள்ள வர்றதே இல்ல, ஒரு ரூவா தராம வேலை வாங்குற கம்பெனியும் இருக்கு. நல்ல அனுபவம்னு நாமளே சொல்லிச் சொல்லித்தான் இத வளத்து விடுறோம். மத்திய அரசோட பிஎம் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024ல வந்துச்சு, ஆரம்பிச்சப்ப அதுலயும் மாசம் 5,000தான். ஓஎம்ஆர்ல ஹாஸ்டல் வாடகைக்கே பத்துமா?

பெருங்குடிப் பழையவன்

காசு தராம வேலை வாங்குறது தப்புங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அந்த பிஎம் திட்டம் ஆரம்பிச்சப்ப முழுநேரம் படிச்சிட்டு இருந்தவங்களுக்கு கிடையாது, படிப்பு முடிச்சவங்களுக்குத்தான், 12 மாசம். இங்க இருக்குற மாணவருங்க அத நம்பி உக்காந்திர வேண்டாம்னு சொல்றேன்.

இன்டர்ன் வச்சா லாபம்னு நெனக்கிறதும் முழுசா சரி இல்ல. 41 கமென்ட் எழுதுறதுக்கு அந்த அக்காவுக்கு எப்படியும் அரை நாள் போயிருக்கும். அப்படி உக்காந்து படிக்க ஆள் இருக்குற இடமான்னுதான் பாக்கணும். இன்டர்வியூ முடியும்போது "எதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்கல்ல, அப்ப "நான் எழுதுற ப்ரோகிராமை யார் படிப்பாங்க"ன்னு கேளுங்க. பேரைச் சொல்லி பதில் வந்தா போங்க. மழுப்பினாங்கன்னா யோசிங்க.

தாமிரபரணிக்காரி

விழிப்பா இருங்க, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. 15,000ல ஹாஸ்டலுக்கு சாப்பாட்டோட 7,500, பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஒரு 1,500. மீதியில வீட்டுக்கு மாசம் 4,000 அனுப்பினேன். எங்க வீட்டுல அது பெரிய காசு. ஆனா சம்பளமே இல்லைன்னு சொல்லியிருந்தா என்னால சென்னைக்கு வந்திருக்கவே முடியாது, அப்ப அந்த வாய்ப்பு வசதி இருக்குற பிள்ளைக்குத்தான் போயிருக்கும். அதனால காசு குடுக்காத இன்டர்ன்ஷிப் வேண்டாம்னு நானும் உங்களோட சேந்து சொல்றேன்.

நான் பண்ணின ஒரு பெரிய தப்பையும் சொல்லிடுறேன். ஆறாவது வாரம் ஃபீஸ் ஞாபகப்படுத்துற எஸ்எம்எஸ் வேலை குடுத்தாங்க. இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழ்ல 70தான், அதுலயும் குறி, புள்ளி எல்லாம் தனித்தனியா கணக்கு. அதத் தாண்டினா துண்டாகும், துண்டுக்கு 67, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. எங்க மெசேஜ் 137 வந்துச்சு, அப்ப மூணு துண்டு. உள்ள பாத்தா அதுலயும் கொ, தொ, போ எல்லாம் ரெண்டு துண்டா கிடக்கு! என்எஃப்சி போட்டேன், 133 ஆச்சு. ரெண்டு துண்டுக்கு 134 வரைக்கும் இடம் இருக்கு. மூணு ரெண்டாச்சு. எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியாது, மெசேஜுல ஒரு வார்த்தைகூட மாறல, செலவு மூணுல ஒரு பங்கு குறையுது.

யாருக்கும் சொல்லாம சோதனைக்கு எங்க டீம் நம்பருக்கே அனுப்பினேன். ஒண்ணுமே போகல. இந்த மாதிரி மெசேஜ் எல்லாம் முன்னாடியே டெலிகாம் கம்பெனிங்ககிட்ட டெம்ப்ளேட்டா பதிவு பண்ணணும், பதிவான வாசகத்தோட ஒத்துப் போகலைன்னா தடுத்துடும். எங்க டெம்ப்ளேட் பழைய துண்டு வடிவத்துல பதிவாகியிருந்துச்சு. ரெண்டு மணி நேரம் எங்க தப்புன்னு தெரியாம தேடினோம், தேடுனவங்கள்ல ரெண்டு பேர் அவங்க வேலையை விட்டுட்டு வந்தவங்க. நான் மாத்தினேன்னு முதல்லயே ஒரு வார்த்தை குரூப்ல போட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. மன்னிப்பு கேட்டேன். புது டெம்ப்ளேட் பதிவு பண்ணி அடுத்த வாரம் போச்சு.

யாழ்ப்பாணத்து அண்ணா, அக்காகிட்ட கேட்டு சொல்றேன்.

மகளை அனுப்பப் போற அப்பா

வணக்கம்மா. என் பொண்ணு தஞ்சாவூர்ல படிக்குது, அடுத்த வருஷம் சென்னைக்கு இன்டர்ன்ஷிப் போகணும்னு நிக்குது. நான் இதுவரைக்கும் ஒத்துக்கல. நீங்க எங்க தங்கினீங்க, ராத்திரி லேட் ஆகுமா, யாரு துணை? ஒரு அப்பாவா கேக்குறேன், கோச்சுக்காதீங்க.

தாமிரபரணிக்காரி

ஐயோ இதுல கோச்சுக்க என்ன இருக்குப்பா. எங்க அப்பாவும் இதேதான் கேட்டாங்க. நான் தங்கினது துரைப்பாக்கம் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், சீனியர் அக்கா இருந்த அதே இடம், ராத்திரி 9.30க்கு கேட் பூட்டிருவாங்க. அரசு தோழி விடுதியும் இருக்கு, தாம்பரத்துல ஒண்ணு, கூடுவாஞ்சேரி பக்கம் ஒண்ணு, ஆனா ஓஎம்ஆருக்கு தினமும் வரணும்னா கொஞ்சம் தூரம். ரோடு முழுக்க மெட்ரோ வேலை நடக்குது, தூசியும் நெரிசலும் ஜாஸ்தி, 6 கிலோமீட்டர் போக சில நாள் ஒரு மணி நேரம் ஆச்சு, அதனால ஆபீஸுக்கு நடக்குற தூரத்துல இடம் பாருங்க, ஆயிரம் ரூவா கூட ஆனாலும் பரவால்ல. எனக்கு 6.30க்கு மேல இருந்தது மொத்தமே மூணு நாள், மூணு நாளும் ஆபீஸ் வண்டில கொண்டு வந்து விட்டாங்க, அத முதல் நாளே கேட்டு வச்சுக்கணும். நீங்க ஒரு தடவை கூடவே வந்து ஹாஸ்டலைப் பாத்துட்டுப் போங்க. எங்க அப்பா வந்தாங்க, வார்டன்கிட்ட பேசினாங்க, தண்ணி டேங்கை ஏறிப் பாத்தாங்க, அப்புறம்தான் அவங்க முகத்துல தெளிவு வந்துச்சு.

மகளை அனுப்பப் போற அப்பா

ரொம்ப நன்றிம்மா. பொண்ணுகிட்ட இதைக் காட்டினேன். நானும் டேங்கு பாக்க வர்றேன்னு சொல்லிட்டேன்.

கடைசி பெஞ்ச் 22

பெருங்குடி அண்ணா, நேத்து எங்க ஊர் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அப்பாவோட வேலை பாக்குறவங்களே கூட்டிட்டுப் போனாங்க. மூட்டைக் கணக்கு மூணு நோட்டுல மூணு பேர் எழுதுறாங்க, சாயங்காலம் உக்காந்து ஒத்துப் பாக்குறாங்க, ஒத்து வரலைன்னா மறுபடி அடுக்கை எண்ணுறாங்க. போட்டோ எடுத்துக்கலாமான்னு கேட்டேன், ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கன்னு விட்டாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தனி இழை போடுறேன், வந்து பாருங்க.

பெருங்குடிப் பழையவன்

வர்றேன்பா. அந்த மூணு நோட்டுல எது எதோட ஒத்து வரலைங்கிறதை மட்டும் முதல்ல காட்டுற மாதிரி செய்யி, மத்தது அப்புறம்.

ஈரோட்டுத் தம்பி

அக்கா, உங்க மூணு விதியையும் நானே பைத்தான்ல எழுதிப் பாத்தேனுங்க, கோமதி, கெளசல்யா, மாாியம்மாள் மூணும் கிடைச்சிருச்சு. ஆனா எங்க அத்தை பேரு ஸ்ரீதேவிங்க, அது ஒரு இடத்துல கிடைக்குது, ஒரு இடத்துல கிடைக்கல. எண்ணைப் பிரிண்ட் பண்ணா ரெண்டுலயும் முதல் எழுத்தே வேற வேறயா இருக்குதுங்க. ஏனுங்க அது?

எழுத்துரு ஆர்வலர்

சபாஷ் தம்பி. ஸ்ரீயை ரெண்டு விதமா எழுதலாம், ஸ போட்டு ஒண்ணு, ஶ போட்டு ஒண்ணு. நிறைய எழுத்துருல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். என்எஃப்சி இதையும் ஒட்டாது, ரெண்டும் வேற வேற எழுத்துங்கிறதால.

தாமிரபரணிக்காரி

தம்பி, இது எங்க லிஸ்ட்ல இல்லவே இல்ல! ஸ்ரீதேவி, ஸ்ரீராம், ஜெயஸ்ரீன்னு ஸ்கூலுக்கு எத்தனை பிள்ளைங்க இருப்பாங்க. இப்பவே அக்காவுக்கு மெசேஜ் போடுறேன்.

அப்டேட்: அக்கா பதில் போட்டுட்டாங்க. நாலாவது விதியா திங்கக்கிழமை சேக்குறாங்களாம், யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டாங்க, ஈரோட்டுல ஒரு செகண்ட் இயர் தம்பின்னு சொன்னேன், ரெஸ்யூமே அனுப்பச் சொல்லுன்னாங்க. தம்பி, உங்க இன்பாக்ஸைப் பாருங்க. யாழ்ப்பாணத்து அண்ணா, விதிகளை வெளியில போடவும் சரின்னுட்டாங்க, பிள்ளைங்க பேரு எதுவும் உதாரணத்துல வரக்கூடாதுன்னு மட்டும் சொன்னாங்க. காலேஜ் திறக்குறதுக்குள்ள எழுதிப் போடுறேன்.